நேரலைக்கும் வீடியோ பதிவுக்கும் எந்த கம்ப்யூட்டர்? கொட்டேஷனில் எழுதாத விஷயங்கள்

சேலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவரும், ஆடி மாதம் குகைப் பகுதி மாரியம்மன் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையை யூடியூபில் நேரலையாகக் காட்ட நினைப்பவரும், வகுப்பைப் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்பும் டியூஷன் சென்டரும், கேம் ஆடி ஒளிபரப்பும் கல்லூரி மாணவனும் கம்ப்யூட்டர் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஸ்ட்ரீமிங் பண்ண எந்த பிசி நல்லா இருக்கும்?" பெரும்பாலும் கையில் கிடைப்பது கேமிங் பிசிக்கான கொட்டேஷன். அதை வாங்கிய பிறகும் படம் திக்கினால், இன்னும் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்வார்கள்.

அப்படிப் போட்டும் சரியாகாமல் போவதற்குக் காரணம் உண்டு. நேரலை என்பது ஒரு வேலை அல்ல, ஐந்து வேலை. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரின் வெவ்வேறு பாகம் செய்கிறது. எந்தப் பாகம் திணறுகிறது என்று தெரியாமல் இன்னொரு பாகத்தில் பணம் போட்டால் படம் திக்குவது நிற்காது.

## ஐந்து வேலைகள்

1. உள்வாங்குதல்: கேமராவின் படத்தைக் கேப்சர் கார்டு வழியாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது.
2. கலத்தல்: பல கேமரா, பெயர்ப் பட்டை, லோகோ எல்லாவற்றையும் ஒரே திரையாக அடுக்குவது. ஓபிஎஸ், விமிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இதைக் கிராபிக்ஸ் கார்டில் செய்கின்றன.
3. சுருக்குதல்: இதுதான் என்கோடிங். சுருக்காத முழு எச்டி படம் நொடிக்கு 1 ஜிகாபிட்டைத் தொடும். அதை 6 மெகாபிட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.
4. எழுதுதல்: சுருக்கியதை டிஸ்கில் பதிவது.
5. அனுப்புதல்: சுருக்கியதை இணையத்தில் யூடியூபுக்கோ பேஸ்புக்குக்கோ தள்ளுவது.

இவற்றில் மூன்றாவதுதான் கடினமானது. குழப்பமும் அதில்தான் அதிகம்.

## என்கோடர்: பெயரில் ஓர் எழுத்து, வேலையில் பெரிய வித்தியாசம்

சுருக்கும் வேலையை இரண்டு வழியில் செய்யலாம். ஒன்று, பிராசசரே மென்பொருள் மூலம் சுருக்குவது. எக்ஸ்264 என்று ஓபிஎஸ்ஸில் தெரிவது அதுதான். இன்னொன்று, சிப்புக்குள் இதற்கென்றே வைத்திருக்கும் தனிப் பகுதி சுருக்குவது. இன்டெல்லில் இதற்குப் பெயர் குயிக் சிங்க், என்விடியாவில் என்வென்க், ஏஎம்டியில் விசிஎன். தனிப் பகுதி வேலை செய்யும்போது பிராசசருக்குக் கிட்டத்தட்ட சுமையே இல்லை. நான்கு மணி நேரக் கல்யாணம், ஒரே ஆள், ஒரே பெட்டி என்றால் இந்த வழிதான் சரி.

இங்கேதான் கொட்டேஷனைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. அப்படியென்றால் குயிக் சிங்க்கும் கிடையாது. ஐ5-12400 என்பதில் என்கோடர் உண்டு. ஐ5-12400எஃப் என்பதில் இல்லை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். விலை வித்தியாசம் சொற்பம். கேமிங் ஆளுக்கு எஃப் லாபம், நேரலை ஆளுக்கு நஷ்டம்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. என்விடியா ஜிடி 1030-இல் என்வென்க் கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோ என்கோடர் பகுதியே இல்லை. விலை குறைவு என்று 12400எஃப் உடன் ஆர்எக்ஸ் 6400-ஐச் சேர்த்து அசெம்பிள் செய்தால், பெட்டியில் ஒரு ஹார்டுவேர் என்கோடர்கூட இருக்காது. கேம் நன்றாக ஓடும், ஸ்ட்ரீம் திக்கும். "புது பிசியிலேயே இப்படியா?" என்ற புலம்பல் பெரும்பாலும் இந்தச் சேர்க்கையில் பிறக்கிறது.

என்விடியாவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. என்வென்க்கின் தரம் கார்டின் தலைமுறையைப் பொறுத்தது, விலையைப் பொறுத்தது அல்ல. ஆர்டிஎக்ஸ் 3050-இல் உள்ள அதே என்கோடர்தான் ஆர்டிஎக்ஸ் 3080-இலும் இருக்கிறது. 2018-இல் வந்த டூரிங் தலைமுறையில் தரம் தெளிவாக உயர்ந்தது. ஆனால் முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650, டூரிங் என்று பெயர் வாங்கினாலும், உள்ளே பழைய தலைமுறை என்கோடரைத்தான் வைத்திருந்தது. ஜிடிஎக்ஸ் 1650 சூப்பரில் புதியது இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இந்த 'சூப்பர்' என்ற சொல்லைத் தேடி வாங்கலாம்.

ஹெச்.264 என்பது 2003-இல் வந்த சுருக்கும் முறை, எல்லா இடத்திலும் ஏற்கப்படும். 2018-இல் வந்த ஏவி1 அதைவிடக் குறைந்த பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவு குறைவாக இருந்தும், அதே தரத்தைத் தரும். ஏவி1-ஐ ஹார்டுவேரில் சுருக்க ஆர்டிஎக்ஸ் 40 அல்லது அதற்குப் பிந்தைய வரிசை, ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 வரிசை, இன்டெல் ஆர்க் கார்டு போன்ற ஒன்று வேண்டும். ஆர்க் ஏ380 போன்ற சின்னக் கார்டிலேயே அது உண்டு. மண்டபத்தில் ஒரு சிம் கார்டை நம்பி வேலை செய்பவருக்கு இது உண்மையிலேயே உதவும். நல்ல ஃபைபர் இணைப்பு இருப்பவருக்கு அவசரமில்லை.

எஃப் இல்லாத பிராசசரோடு தனிக் கார்டும் இருந்தால் ஒரே பெட்டியில் இரண்டு என்கோடர்கள் கிடைக்கும். என்வென்க்கில் நேரலை, குயிக் சிங்க்கில் பதிவு என்று பிரித்துக்கொள்ளலாம். தனிக் கார்டு செருகியதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் ஐஜிபியூ மல்டி மானிட்டர் என்பதை ஆன் செய்தால் திரும்ப வரும்.

எடிட்டிங்கும் அதே கம்ப்யூட்டரில்தான் என்றால் எஃப் இல்லாத பிராசசரை வாங்க இன்னொரு காரணமும் சேர்கிறது. இப்போதைய கேமராக்களில் வரும் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி (நிற விவரம் அதிகமுள்ள ஒரு சுருக்கும் வகை) ஃபைல்களை இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதலான உள் கிராபிக்ஸ் ஹார்டுவேரிலேயே பிரித்துக் காட்டும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரும்வரை அந்த வசதி இல்லை.

## கேப்சர் கார்டு: நீல நிற பிளக்கை நம்ப வேண்டாம்

முதலில் கணக்கு. 1920×1080 படம், நொடிக்கு 50 பிரேம், ஒரு புள்ளிக்கு 16 பிட் என்றால் நொடிக்குச் சுமார் 1.66 ஜிகாபிட். யூஎஸ்பி 2.0-இன் கொள்ளளவு 480 மெகாபிட். அதாவது சுருக்காத முழு எச்டி, 25 பிரேமில்கூட யூஎஸ்பி 2-இல் போகாது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேப்சர் கார்டுகள் '4கே' என்று அச்சிட்டு வருகின்றன. 4கே என்பது அது ஏற்றுக்கொள்ளும் உள்ளீடு மட்டும். உள்ளே யூஎஸ்பி 2 சிப் இருப்பதால் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமாகச் சுருக்கும் எம்ஜேபெக் முறையில் அழுத்தி 1080பி-யாகக் கொடுக்கும். பிளக்கின் உள்பகுதி யூஎஸ்பி 3-இன் அடையாளமான நீல நிறமாக இருந்தாலும் இணைப்பு யூஎஸ்பி 2-ஆகவே இருக்கலாம். சோதிக்க எளிய வழி: ஓபிஎஸ்ஸில் வீடியோ ஃபார்மட்டைப் பாருங்கள். முழு எச்டிக்கு எம்ஜேபெக் மட்டும் காட்டினால் அது யூஎஸ்பி 2 கார்டு. எம்ஜேபெக்கைப் பிரிப்பது பிராசசருக்குக் கூடுதல் வேலை. ஒரு கேமராவுக்குப் பரவாயில்லை. மூன்று போட்டால் தாமதம் கூடும், சுமையும் ஏறும்.

யூஎஸ்பி 3.0-இன் பெயரளவு வேகம் 5 ஜிகாபிட். நடைமுறையில் 3 ஜிகாபிட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும். 50 பிரேமில் இரண்டு முழு எச்டி கேமராக்கள் அதையே நிரப்பிவிடும். லேப்டாப்பில் நான்கு யூஎஸ்பி துளைகள் இருந்தாலும் பல மாடல்களில் அவை பின்னால் ஒரே கன்ட்ரோலரில் சேர்கின்றன. இரண்டாவது கார்டைச் செருகியதும் முதல் கேமரா கறுப்பாவது அதனால்தான். யூஎஸ்பி ஹப் வாங்கினால் இது தீராது, மோசமாகும்.

மூன்று, நான்கு கேமரா வேலைக்கு இரண்டு வழி உண்டு.

1. டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கேப்சர் கார்டு. டெக்லிங்க் மினி ரெக்கார்டர் 4கே போன்றவற்றுக்கு 4 லேன் (மதர்போர்டு துளையின் தரவுப் பாதை, இணைய லேன் கேபிள் அல்ல) வேண்டும். ஹெச்610 போன்ற அடிமட்ட மதர்போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டு போக மிஞ்சுவது பெரும்பாலும் 1 லேன் துளை. கார்டு அதில் உட்காராது. பி660 அல்லது பி760 போர்டை எடுத்து, இரண்டாவது நீளத் துளை எத்தனை லேன் என்று மேனுவலில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.
2. தனி ஸ்விட்சர், அதாவது பல கேமராக்களைக் கலக்கும் சிறு கருவி. ஏடெம் மினி 4 எச்டிஎம்ஐ உள்ளீட்டை எடுத்து, கலந்த ஒரே படத்தை வெப்கேம் போல யூஎஸ்பியில் கொடுக்கும். ஏடெம் மினி ப்ரோ தானே சுருக்கி, லேன் கேபிள் வழியாக நேரலையும் அனுப்பும், யூஎஸ்பி டிஸ்கில் பதிவும் செய்யும்.

மண்டப வேலை மட்டும் என்றால் இரண்டாவது வழிதான் சிறந்தது. பெரிய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, ஸ்விட்சரும் நடுத்தர லேப்டாப்பும் போதும். ஸ்விட்சருக்குள் பேட்டரி இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. யூபிஎஸ்ஸில் முதலில் ஏற வேண்டியது அது.

கேமராவின் எச்டிஎம்ஐயில் திரை எழுத்துகள் இல்லாத சுத்தமான படம் வருகிறதா என்று மெனுவில் பார்க்க வேண்டும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் எல்லாக் கேமராவையும் 25 அல்லது 50 பிரேமில் வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்கினால் மண்டபத்து விளக்குகள் மினுக்குவது பெரும்பாலும் நிற்கும். ஒரு கேமரா 50, இன்னொன்று 60, ஓபிஎஸ் 30 என்று கலந்தால் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரிலும் அசைவு தத்தித் தத்தித்தான் வரும்.

எச்டிஎம்ஐ செப்புக் கேபிளை 10 மீட்டருக்கு மேல் நம்புவது கஷ்டம். அதற்கு மேல் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள், அல்லது நீண்ட தூரம் படம் கொண்டுபோகும் எஸ்டிஐ என்ற கேபிள் வகை.

## டிஸ்க்: வேகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்

மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் மெகாபைட். 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) தரத்தில் பதிவு செய்தாலும் நொடிக்கு 5 எம்பிதான், மணிக்கு 18 ஜிபி. நொடிக்கு 7000 எம்பி என்று விளம்பரம் செய்யும் எஸ்எஸ்டி இதற்குத் தேவையே இல்லை. சாதாரண எஸ்எஸ்டி போதும். விண்டோஸ் ஒன்றில், பதிவு இன்னொன்றில் என்று இரண்டு வைத்தால் இன்னும் நிம்மதி. பென்டிரைவில் நேரடியாகப் பதியக் கூடாது. சிறிது நேரம் எழுதியதும் பலவற்றின் வேகம் படுத்துவிடும். ஃபேட்32 ஃபார்மட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

பாகத்தைவிட முக்கியம் ஃபைல் வகை. சாதாரண எம்பி4 ஃபைலின் அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் மூன்று மணி நேரப் பதிவும் திறக்காது. எம்கேவியில் பதிந்தால் கரண்ட் போன நொடிவரை மிஞ்சும். வேலை முடிந்ததும் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து, அதாவது மறுபடி சுருக்காமல் ஃபைல் வகையை மட்டும் மாற்றி, எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். 2024-இல் வந்த ஓபிஎஸ் 30.2 முதல் ஹைப்ரிட் எம்பி4 என்ற வகையும் இருக்கிறது, அதுவும் இப்படித் தாங்கும்.

நேரலைக்கு நிலையான பிட்ரேட், அதாவது சிபிஆர், கீபிரேம் (முழுப் படமாகப் போகும் பிரேம்) 2 நொடிக்கு ஒன்று. பதிவுக்கு அதையே வைத்தால் தரம் வீணாகும். பதிவில் பிட்ரேட்டுக்குப் பதில் தரத்தை நிலையாக வைக்கும் சிக்யூபி முறையை 18 முதல் 23 வரை வைக்கலாம், எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். வண்டி வேடிக்கையில் சீரியல் பல்பு, புகை, கூட்டம் எல்லாம் ஒன்றாக அசையும். சுருக்குவதற்கு இதைவிடக் கடினமான காட்சி கிடையாது. மணமேடையில் அழகாகத் தெரிந்த 6 எம்பிபிஎஸ், அங்கே கட்டம் கட்டமாக உடையும். அனுப்பும் வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் 720பி-க்கு இறங்குவதே புத்திசாலித்தனம்.

ரேம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 16 ஜிபி, ஒற்றையாக அல்லாமல் 8 ஜிபி இரண்டாக. உள் கிராபிக்ஸை நம்பும் பிசிக்கு இப்படி இரண்டாகப் போடும் இரட்டைச் சேனல் கட்டாயம்.

## ஒலி

சவுண்ட் செட்காரர் மிக்ஸரிலிருந்து கொடுக்கும் லைன் அவுட்டை லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் கரகரவென்றுதான் கேட்கும். அந்தத் துளை மைக்கின் மெல்லிய சிக்னலுக்கானது. லைன் உள்ளீடு இருக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். ஒலி அளவை, ஐயர் மந்திரம் சொல்லும்போது வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், கெட்டிமேளத்தில் மீட்டர் சிவப்பில் முட்டும். தவிலும் நாதஸ்வரமும் முழு வேகத்தில் வாசிக்கும்போது அளவை வைத்து, ஓபிஎஸ்ஸில் ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் ஃபில்டரும் சேர்க்க வேண்டும்.

கேமரா, மிக்ஸர், விண்டோஸ், ஓபிஎஸ் எல்லாமே 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஒன்று 44.1-இல் இருந்தால் கரகரப்போ, உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடையே மெல்ல வளரும் இடைவெளியோ வரலாம். ஆரம்பத்திலேயே மாறாத அளவில் தாமதம் இருந்தால் அது கேப்சர் கார்டின் தாமதம். கேமரா முன் கைதட்டிப் பதிந்து பார்த்து, சிங்க் ஆஃப்செட்டில் மில்லி நொடியாகக் கொடுத்தால் சரியாகும்.

## இணையம்: கம்ப்யூட்டர்மேல் விழும் வீண் பழி

6 எம்பிபிஎஸ் நேரலைக்குக் குறைந்தது 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும், அதுவும் நிலையாக. ஸ்பீட் டெஸ்ட்டில் டவுன்லோடு 80 காட்டுகிறது என்று மகிழ்வதில் பயனில்லை.

சிம் கார்டை நம்புபவர்களுக்கு ஒரு கணக்கு. 6 எம்பிபிஎஸ் படமும் ஒலியும் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 2.75 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் திட்டம் 45 நிமிடத்துக்குள் தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். முகூர்த்தத்துக்கு முன்பே நேரலை நிற்க இது ஒன்றே போதும்.

காலை 8 மணிக்கு நன்றாக இருந்த சிக்னல், திருவிழாவில் இரவு 9 மணிக்கு ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரில் தொங்கும்போது இருக்காது. சோதனையை அதே நேரத்தில், அதே கூட்டத்தில் செய்ய முடியாது என்பதால் இரண்டு வெவ்வேறு நிறுவனச் சிம்கள், இரண்டு இணைப்பை ஏற்கும் ரூட்டர், ஓபிஎஸ்ஸில் நெரிசலுக்கு ஏற்றபடி பிட்ரேட்டைத் தானே குறைக்கும் வசதி, இந்த மூன்றும் வேண்டும். ஏற்காட்டில் பிரச்சினை வேறு: கூட்டம் அல்ல, மலை மறைப்பு. எஸ்டேட் பங்களாவின் ஒரு பக்க ஜன்னலில் நான்கு கோடு, மறுபக்கம் ஒன்றுமில்லை. அங்கே வெளி ஆன்டெனா மாட்டும் வசதியுள்ள ரூட்டர் உதவும். ரூட்டரை டவர் தெரியும் பக்கம் வைத்து, லேன் கேபிளைக் கம்ப்யூட்டர்வரை இழுக்க வேண்டும்.

## கரண்ட், சூடு, பனி

ஐ5-12400-உம் ஆர்டிஎக்ஸ் 3050-உம் உள்ள பெட்டி நேரலையில் 250 வாட்டுக்குள் அடங்கும். நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதும். 600 விஏ யூபிஎஸ் இந்தப் பெட்டியை மானிட்டரோடு சேர்த்துப் பத்து நிமிடம் தாங்கினாலே அதிகம். ஜெனரேட்டர் ஏறும்வரைக்கு அது போதும். ஃபைபர் மோடமும் ரூட்டரும் யூபிஎஸ்ஸில் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தும் நேரலை அறுந்துவிடும். அவற்றுக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது.

பழைய ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது சாதாரண யூபிஎஸ் நொடிக்கொரு முறை பேட்டரிக்குத் தாவி, கடைசியில் காலியாகிவிடும். அடிக்கடி மண்டப வேலை செய்பவர்கள், இப்படித் தாவாமல் எப்போதும் சீரான கரண்ட் தரும் 'ஆன்லைன்' வகை யூபிஎஸ் வாங்கலாம். கேமரா, மிக்ஸர், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் கரண்ட் ஒரே போர்டிலிருந்து வர வேண்டும். வேறு வேறு பேஸ், எர்த் சரியில்லாத பிளக் என்றால் ஒலியில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரும், எச்டிஎம்ஐ போர்ட்டே எரிந்துபோகவும் வாய்ப்புண்டு.

சித்திரை வைகாசியில் சேலத்து வெயிலுக்கு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினட் அழகுக்கு மட்டும்தான். முன்னால் காற்றோட்ட வலையும் இரண்டு ஃபேனும் இருக்கும் சாதாரண கேபினட்டே நல்லது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிடப் பத்துச் சதவீதத்துக்குமேல் குறைவு என்பதால் ஃபேனின் பலன் கொஞ்சம் குறையும், ஆனால் குளிர் அதை ஈடுகட்டிவிடும். அங்கே எதிரி ஈரம். பனிமூட்டத்தில் குளிர்ந்த கருவியை ஆட்கள் நிறைந்த கதகதப்பான ஹாலுக்குள் கொண்டுபோனதும் லென்ஸிலும் போர்டிலும் நீர் படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் உள்ளே வைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்ய வேண்டும்.

டெஸ்க்டாப்பை 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியே ஏற்றும்போது கனமான கிராபிக்ஸ் கார்டு துளையில் ஆடி ஆடி இணைப்பு கெடும். கார்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் மதர்போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி கேபினட்டைப் படுக்க வைக்கலாம்.

## திக்கும்போது எதைப் பார்ப்பது?

ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் என்ற பலகை இருக்கிறது. அதில் மூன்று எண்கள் தனித்தனியாக ஓடும். புதுப் பாகம் வாங்குவதற்கு முன் இந்த மூன்றில் எது ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

1. ரெண்டரிங் லேக்: கிராபிக்ஸ் கார்டு கலக்கும் வேலையில் திணறுகிறது. கேம் முழுக் கார்டையும் தின்கிறது என்றால் கேமின் பிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். பெரிய கார்டு உண்மையிலேயே உதவும் ஒரே இடம் இதுதான்.
2. என்கோடிங் லேக்: சுருக்கும் பகுதி திணறுகிறது. எக்ஸ்264 ஓடுகிறதா என்று பாருங்கள். ஹார்டுவேர் என்கோடருக்கு மாற்றுங்கள், அல்லது ப்ரீசெட்டை வெரிஃபாஸ்ட் ஆக்குங்கள். ஹார்டுவேர் என்கோடரே இல்லாத பெட்டி என்றால் அப்போதுதான் கார்டு மாற்றும் பேச்சு.
3. நெட்வொர்க்கில் விடுபட்ட பிரேம்: கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்லோடு போதவில்லை. வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள், பிட்ரேட்டைக் குறையுங்கள்.

மூன்றும் பூஜ்யமாக இருந்து படம் மட்டும் உறைந்தால் கேப்சர் கார்டு, யூஎஸ்பி துளை, எச்டிஎம்ஐ கேபிள் என்ற வரிசையில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

புதுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், உண்மையான வேலைக்கு வைக்கும் அதே கேமரா எண்ணிக்கை, அதே பதிவுத் தரத்தோடு யூடியூபில் தனிப்பட்ட நேரலையாகத் தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சூடேறி வேகம் குறைவதோ, இரண்டாவது மணியில் கேப்சர் கார்டு துண்டிப்பதோ பத்து நிமிடச் சோதனையில் தெரியாது. கடையில் மாற்றிக்கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். பில்லில் பிராசசர் பெயர் கடைசி எழுத்துவரை எழுதியிருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.